தம்பிக்கு, மலேசியா சுங்கை சிப்புட்டிலேருந்து

தம்பி,

சாப்டியா. அங்க அமெரிக்காவுல குளிர் ஆரம்பிச்சிருக்கும், காதை மூடிக்கிட்டு வெளிய போ. அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கு. தீபாவளிக்கு நீ அனுப்பின மெசேஜ் வந்துச்சு, ரெண்டே வரி, அதையே திருப்பித் திருப்பிப் படிக்கிறா.

தூக்கம் வரலன்னா நான் உன் ரயில் வீடியோவா பாக்கறேன். பட்டர்வொர்த்துக்கு எண்ணெய் லோரி ஓட்டுனவன் நான், பிரைம் மூவரை, அதான் லோரி தலையை, ரிவர்ஸ் எடுத்து டிரெய்லர் அடியில இருக்கற கிங்பின்ல பூட்டு விழற சத்தம் கேட்டாத்தான் இறங்கி ஏர் ஹோஸ் மாட்டுவேன், ஆனா உங்க ரோட்ரெய்லர் சங்கதியே வேற. ரோட்ல ஓடற அதே 53 அடி டிரெய்லர், கிரேன் வேணாம், அடியில வேகன் வேணாம், பின்பக்கத்தை ஏர் ஏத்தித் தூக்கி தண்டவாளத்துல நிக்கிற போகி, அதான் வெறும் ரயில் சக்கரச் சட்டம், அது மேல ரிவர்ஸ்ல கொண்டுபோய் உக்கார வச்சா ரோட் டயர் தரையைத் தொடாம மேல தூக்கிக்குது. அடுத்த டிரெய்லர் மூக்குல இருக்கற நாக்கு இதோட முதுகுல நுழையுது, பின் போட்டுப் பூட்டறாங்க, ரெண்டுக்கும் நடுவுல ஒரே போகி. இன்ஜின் பக்கம் மட்டும் ஒரு தனி போகி, அதுலதான் சாதாரண கப்ளிங். கூட்ஸ் மாதிரி இழுத்து இடிச்சு ஆடறது இல்ல, சாமானுக்கு அடி கம்மி. என் மகன் அதுலதான் வேலைன்னு கோப்பிக்கடையில சொன்னா ஒருத்தனும் நம்பல.

ஆனா அதை சாதாரண கூட்ஸ் நடுவுல மாட்ட முடியாதாமே, பின்னால வர்ற வெயிட்டை டிரெய்லர் உடம்பு தாங்காது, தனி ரயிலாவோ, ரயிலோட கடைசியிலயோதான் ஓடணும். டிரெய்லரோட சொந்த எடையும் கூட, ரோட்ல அந்தளவுக்கு லோடு குறையும். 2015லயே டெட்ராய்ட் கன்சாஸ் சிட்டி ரூட்டை விட்டுட்டு மத்ததை நிறுத்திட்டாங்க, மிச்சம் இருந்த அந்த ஒண்ணுலதான் நீ போய் சேர்ந்த. அதுவும் 2024 ஆகஸ்ட்டோட கடைசின்னு வீடியோவுல சொல்றான். மஞ்ச ஜாக்கெட் போட்ட ஆள் வந்தாலே நிறுத்தி நிறுத்திப் பாத்தேன், நீயான்னு.

நான் ஒண்ணும் கேக்கல. நேரத்துக்குச் சாப்பிடு.

போன மாசமும் பணம் வந்துச்சு, அதே தொகை, ஒரு சென் குறையல. நாலு வார்த்தை பேச நேரமில்ல, பேங்குக்குப் போக மட்டும் நேரம் இருக்கு உனக்கு. இனிமே அனுப்ப வேணாம், என் இபிஎஃப் சேமிப்புப் பணம் இன்னும் இருக்கு, அம்மா செலவு என்ன பெரிய செலவு. நீ நல்லா சம்பாதிக்கிறன்னு எனக்குத் தெரியும், பெருமைதான், இருந்தாலும் வேணாம். காதை மூடிக்கோ, குளிர்ல சும்மா சுத்தாத.

இங்க பக்கத்துல ஈப்போவுல கார்கோ டெர்மினல் இருக்கு. உன்கூட படிச்ச பையன் ஒருத்தன் அங்கதான் இருக்கான், போன வாரம் மார்க்கெட்ல பாத்தேன், உன்னை விசாரிச்சான். ரயிலும் தெரிஞ்சு டிரெய்லரும் தெரிஞ்ச ஆள் கிடைக்கறது கஷ்டம்னு சொன்னான். நானா கேக்கல, அவனாத்தான் சொன்னான்.

உன் பாஸ்போர்ட் எப்ப முடியுதுன்னு பாத்து சொல்லு, அம்மா கேக்கறா.

அப்பா