எக்ஸோசோம் சிகிச்சை எந்தக் கட்டத்தில் இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புற்றுநோய் மருந்துகளை எக்ஸோசோம்களில் ஏற்றிச் செலுத்தும் முறை குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். தமிழில் அதிகம் எழுதப்படாத துறை இது, எடுத்துக்கொண்டதற்கு நன்றி. ஆயினும், மருத்துவமனைக்குச் சென்று கேட்டால் இந்தச் சிகிச்சை இன்றே கிடைத்துவிடும் என்ற எண்ணத்தைக் கட்டுரை தருவதால், மருந்தியல் கற்பித்தவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நம் செல்கள் அனைத்துமே வெளியிடும், 30 முதல் 150 நானோமீட்டர் அளவேயுள்ள நுண்பைகள்தாம் எக்ஸோசோம்கள். 1980களில் இவை முதிராத சிவப்பணுக்களில் கண்டறியப்பட்டபோது, வேண்டாதவற்றைச் செல் வெளியேற்றும் வழி என்றே கருதப்பட்டன. மரபணுச் செய்தியைத் தாங்கும் மூலக்கூறான ஆர்.என்.ஏ.வை இவை ஒரு செல்லிலிருந்து இன்னொரு செல்லுக்குக் கொண்டுசேர்ப்பதைச் சுவீடனின் கோதன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007இல் காட்டிய பிறகே, மருந்தையும் இவற்றில் அனுப்பலாமே என்ற எண்ணம் வலுப்பெற்றது.

கட்டுரை பெருமையுடன் குறிப்பிடும் கணையப் புற்றுநோய் ஆய்வு உண்மையிலேயே மகத்தானது. ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் ரகு கல்லூரி (Raghu Kalluri) என்ற ஆய்வாளரின் குழு, அந்நோயைத் தூண்டும் கே-ராஸ் மரபணுவின் ஒரு பிறழ்வை அடக்கும் ஆர்.என்.ஏ. துணுக்கை எக்ஸோசோமில் ஏற்றி எலிகளுக்குச் செலுத்தியது. எக்ஸோசோமின் மேற்பரப்பில் உள்ள சிடி47 என்ற புரதம் அயற்பொருள்களை விழுங்கி அழிக்கும் விழுங்கணுக்களிடமிருந்து அதைக் காத்ததால், செயற்கைக் கொழுப்புப் பைகளான லிப்போசோம்களைவிட நெடுநேரம் அது இரத்தத்தில் நிலைத்தது. எலிகளின் ஆயுளும் நீண்டது. 2017இல் வெளியான இந்த முடிவுகளுக்குப் பின் மனிதர்களிடம் தொடங்கியது முதற்கட்டப் பரிசோதனை மட்டுமே. முதற்கட்டத்தின் முதன்மை நோக்கம் பாதுகாப்பையும் மருந்தின் அளவையும் அறிவது. நோய் குணமாகுமா என்பதற்கு அதில் விடை கிடைக்காது.

கட்டுரை தொடாத சிக்கல்கள் ஆய்வுக்கூடத்திலேயே தொடங்குகின்றன. எக்ஸோசோம்களைப் பிரித்தெடுக்க, செல்களை வளர்த்த திரவத்தைப் புவியீர்ப்பைப் போல் ஒரு லட்சம் மடங்கு விசையில் மணிக்கணக்கில் சுழற்றினாலும், குழாயின் அடியில் தங்குவது பல நேரங்களில் கண்ணுக்கே தெரியாத ஒரு படிவுதான். அதிலும் வேறு புரதத் திரள்கள் கலந்திருக்கும். மின்துடிப்பால் எக்ஸோசோமின் சவ்வைத் திறந்து மருந்தை ஏற்றும்போது, ஆர்.என்.ஏ. தானாகவே திரண்டு, உள்ளே ஏறிவிட்டது போன்ற பொய்த் தோற்றத்தைத் தரக்கூடும் என்று நெதர்லாந்தின் உட்ரெக்ட் ஆய்வாளர்கள் 2013இல் காட்டினார்கள். இரத்தத்தில் செலுத்தப்படும் எக்ஸோசோம்களில் பெரும்பகுதி கல்லீரலிலும் மண்ணீரலிலும் சிக்கிக்கொள்வதால், ‘குறி தவறாமல் கட்டியைச் சென்றடையும்’ என்ற கட்டுரையின் வரியை என்னால் ஏற்க முடியவில்லை. எந்தச் செல்லிலிருந்து எடுக்கிறோம் என்பதும் முக்கியம்: புற்றுநோய்ச் செல்களின் எக்ஸோசோம்களே நோய் வேறு உறுப்புகளுக்குப் பரவ வழி அமைக்கின்றன. இத்துறையில் முன்னணியில் இருந்த அமெரிக்காவின் கோடியாக் நிறுவனம் 2023இல் திவாலானதையும் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. கணையப் புற்றுநோய் என்று கேட்ட குடும்பம், எந்த நம்பிக்கை வார்த்தையையும் இறுகப் பற்றிக்கொள்ளும். அந்தத் தவிப்பை நம்பியே எக்ஸோசோம் ஊசி என்று விளம்பரம் செய்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் இத்தகைய பொருள்களைப் பெற்ற சிலருக்குக் கடும் பாதிப்புகள் ஏற்பட்டதையடுத்து, அங்கீகரிக்கப்பட்ட எக்ஸோசோம் மருந்து எதுவும் இல்லை என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2019 டிசம்பரில் எச்சரித்தது.

எனவே, இத்தகைய கட்டுரைகளை வெளியிடும்போது ஆய்வு செல்களில் நடந்ததா, எலிகளிலா, மனிதர்களிலா, மனிதர்களில் என்றால் எத்தனையாவது கட்டம் என்பதைத் தலைப்பின் கீழேயே அச்சிடுங்கள். இந்தியாவில் நடக்கும் மருந்துப் பரிசோதனை எதுவாயினும் மருத்துவப் பரிசோதனைகளுக்கான தேசியப் பதிவேட்டில் பதிவாகியிருக்க வேண்டும் என்பதையும், அந்தப் பதிவு எண்ணைக் கேட்டுப் பார்க்காமல் நடப்புக் கீமோதெரபியை ஒருவரும் நிறுத்தக் கூடாது என்பதையும் அடுத்த இதழிலேயே தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தியல் ஆசிரியர்,
திருச்சிராப்பள்ளி