பேனாப் புள்ளி வைச்ச மிஸ்ஸுக்கு

அப்பா இண்டைக்கு எழும்பி இருந்து கஞ்சி குடிச்சவர், உப்புக் காணாதெண்டு அம்மாவோட சண்டையும் பிடிச்சவர், அதால இனிப் பயமில்லாம எழுதலாம். நெஞ்சு நோவெண்டு அப்பாவை ராவில ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஹார்ட் அட்டாக் எண்டு வந்தது உங்கள் எல்லாருக்கும் தெரியும்தானே, மிச்சத்தைத் திருப்பிச் சொல்லேல்ல.

முதல் நன்றி அண்டிரவு டியூட்டியில நிண்ட நேர்ஸ் மிஸ்ஸுக்கு. வந்தோண்ண எடுத்த ஈசிஜியில, அதுதான் நெஞ்சில வயர் வைச்சு இதயத் துடிப்பைக் கோடாக் கீறுற பேப்பரில, பெரிசா ஒண்டும் இல்ல, எங்களுக்கு மூச்சு வந்தது. ஆனா அவ வயரைக் கழட்டேக்க அப்பான்ர நெஞ்சில ஒவ்வொரு இடத்திலயும் பேனாவால புள்ளி வைச்சவ. ஏன் மிஸ் எண்டு கேட்டன். முதல் ஈசிஜி நல்லா இருந்தாப்போல அட்டாக் இல்லையெண்டு விடேலாதாம், நோ நிக்காட்டித் திருப்பித் திருப்பி எடுக்கோணுமாம், வயர் வைக்கிற இடம் மாறினாக் கோடும் மாறிடுமாம், பிறகு எதை எதோட பாக்கிறது எண்டா. சொன்ன மாதிரியே கொஞ்ச நேரத்தால அதே புள்ளியில வைச்சு எடுக்க வி2, வி3, வி4 எண்டு நெஞ்சில வைக்கிற மூண்டு வயரிலயும் எஸ்டி எண்ட கோட்டுத் துண்டு நல்லா ஏறி நிண்டது. டொக்டர் ஓடி வந்து இதயக் குழாயை அடைச்ச ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி ஏத்தினவர். எஸ்டி ஏறாத அட்டாக்குக்கு அந்த ஊசி குடுக்கிறேல்லையாம், ரத்தம் கசியிற ஆபத்துத்தான் மிஞ்சுமாம். அப்ப அந்த ரெண்டாவது பேப்பர் இல்லாட்டி? யோசிக்கவே ஏலாம இருக்கு.

ஊசி ஏத்தி ஒண்டரை மணித்தியாலத்தால திரும்பவும் அதே புள்ளியில எடுத்தவை. ஏறின கோடு பாதிக்கு மேல இறங்கியிருந்தது, குழாய் திறபட்டிட்டுது எண்டு ரெண்டு பேப்பரையும் பக்கத்தில பக்கத்தில வைச்சு எனக்குக் காட்டினவ. இறங்காட்டி அப்பவே அஞ்சியோ, அதுதான் குழாய்க்குள்ள பலூன் விட்டு அடைப்பைத் திறக்கிறது, செய்ய யாழ்ப்பாணத்துக்கு ஏத்தியிருப்பினமாம். விடிய உடம்பு துடைக்க வந்த தங்கச்சியை அப்பா புள்ளியில கைவைக்க விடேல்ல, மிஸ் பேசுவா எண்டு!

மாடு படுத்த ரோட்டில வெட்டி வெட்டி ஓடின 1990 எண்ட நம்பருக்கு அடிச்சா வாற அம்புலன்ஸ் அண்ணை, அட்டென்டன்மார், பக்கத்துக் கட்டில் அக்கான்ர பிளாஸ்க் தேத்தண்ணி, எங்கட ஆடு மாட்டைப் பாத்த மாமி, கனடாவில இருந்து விடிய விடியப் போன் எடுத்த மச்சான், எல்லாருக்கும் நன்றி. எல்லா ஈசிஜியையும் போட்டோ எடுத்து வைச்சிருக்கிறன், இனி எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் பழசைக் காட்டுவன்.

மிஸ், பேர் போடாதேங்கோ எண்டனீங்கள், போடேல்ல. காலபோக நெல்லு வெட்டு முடிய ஒரு மூட்டை மொட்டைக்கறுப்பன் வரும், திருப்பி அனுப்பக்கூடாது. நான்தான் தூக்கிக்கொண்டு வருவன், அப்பாவைத் தூக்க விடமாட்டன், சத்தியமா.