காசில்லை என்றால் கணக்கைக் கேள்

அன்பு மகளுக்கு,

ஆசிரியர் சங்கத்தில் சேரும் படிவத்தை மூன்று வாரமாகக் கைப்பையிலேயே வைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தாய். "சம்பளத்துக்குச் சண்டை போடுற இடம்தானேம்மா?" என்றும் கேட்டிருந்தாய். இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

சம்பளத்துக்கும்தான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வீட்டு வாடகையை நினைத்துக்கொண்டு நிற்கிறவளால் பின்னம் சொல்லித்தர முடியாது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் வகுப்பில் 62 பிள்ளைகள். நோட்டுக்கு இரண்டு நிமிடம் என்றாலும் ஒரு பாடத்துக்கே இரண்டு மணி நேரம் தாண்டிவிடும். பக்கத்து வகுப்பு ஆசிரியர் ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. அவருடைய பிள்ளைகளும் பாதி நாள் என்னிடம்தான். கேட்டபோதெல்லாம் "நிதி இல்லை" என்றார்கள். நம்பினேன்.

சங்கக் கூட்டத்தில்தான் ஒரு பெரியவர் பட்ஜெட் புத்தகத்தை மேசையில் விரித்தார். ஒதுக்கீடு ஒரு பத்தி, ஆண்டின் இடையில் திருத்திய மதிப்பீடு ஒரு பத்தி, உண்மையில் செலவானது இன்னொரு பத்தி. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். அறிவித்த தொகை செலவுக் கணக்குக்கு வருவதற்குள் மெலிந்திருந்தது. நிரப்பாத பணியிடத்தின் சம்பளம் அங்கே மிச்சமாகிவிடுகிறது. என் வகுப்பின் கடைசி வரிசையில் எழுத்துக் கூட்டத் தெரியாமல் ஒரு பையன் உட்கார்ந்திருந்தானே, அந்த மிச்சத்தை அவன் தலையில்தான் கட்டியிருந்தார்கள். இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது.

சிகாகோவில் 1897-ல் தொடக்கப்பள்ளி ஆசிரியைகள் ஒரு சங்கம் தொடங்கினார்கள். வாக்குரிமைகூட முழுதாகக் கிடைக்காத பெண்கள். தருவதாகச் சொன்ன ஊதிய உயர்வைப் பணமில்லை என்று நிறுத்தியபோது, அந்தச் சங்கத்தை முன்னின்று நடத்திய மார்கரெட் ஹேலியும் கேத்தரின் காகினும் வரிக் கணக்குகளைத் தோண்டினார்கள். எரிவாயு, டிராம் போன்ற பெரிய நிறுவனங்கள் கட்ட வேண்டிய வரியைக் கட்டாமலே இருந்தது தெரிந்தது. வழக்குப் போட்டார்கள். 1901-ல் இலினாய் மாநில உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. வந்த பணத்தைக் கல்வி வாரியம் வேறு செலவுக்குத் திருப்பியது. மறுபடியும் நீதிமன்றம் போய் 1904-ல் வென்றார்கள். சங்கம் என்றால் என்ன என்று யார் கேட்டாலும் நான் சொல்லும் கதை இதுதான்.

கல்விக் கொள்கை வகுப்பதில் ஆசிரியர் அமைப்புகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று யுனெஸ்கோவும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 1966-லேயே பரிந்துரைத்திருக்கின்றன. உலக ஆசிரியர் தினம் அக்டோபர் 5-ல் வருவதே அந்தப் பரிந்துரை ஏற்கப்பட்ட நாள் என்பதால்தான். மாலையும் வாழ்த்தும் நினைவிருக்கிறது, பரிந்துரைதான் மறந்துபோகிறது. கல்விக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4 முதல் 6 சதவீதமாவது, அல்லது அரசுச் செலவில் 15 முதல் 20 சதவீதமாவது ஒதுக்க வேண்டும் என்று 2015-ல் தென் கொரியாவின் இன்சியானில் நடந்த உலகக் கல்வி மாநாட்டின் பிரகடனம் சொன்னது. இந்த எண்களை மனப்பாடம் செய்துகொள். பேச்சுவார்த்தையில் கை கொடுக்கும்.

சங்கத்திடம் எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. முதல் வேலைநிறுத்தத்தின்போது பள்ளி வாசலில் ஒரு அம்மா என்னிடம், "என் பொண்ணுக்கு யார் பாடம் நடத்துவாங்க டீச்சர்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பெற்றோரிடம் முன்கூட்டியே பேசாமல் இறங்கியது எங்கள் தவறு. பிறகு விட்ட நாட்களுக்கு விடுமுறையில் வகுப்பு எடுத்தோம். அடுத்த கோரிக்கை மனுவில் காலிப்பணியிடத்தை முதலில் எழுதினோம், ஊதியத்தை மூன்றாவதாக. அந்த வரிசைக்காக உள்ளேயே நான் சண்டை போட வேண்டியிருந்தது. நீயும் போட வேண்டிவரும்.

படிவத்தைக் கொடுப்பதும் கொடுக்காததும் உன் விருப்பம். ஆனால் அடுத்த கடிதத்தில் உன் பள்ளியில் எத்தனை இடம் காலி, எத்தனை மாதமாகக் காலி என்று எழுது. பட்ஜெட் புத்தகம் கிடைத்தால் பள்ளிக்கல்வித் துறைப் பக்கங்களை அனுப்பு. இரண்டு பேரும் சேர்ந்து படிக்கலாம்.

அன்புடன்,
அம்மா