கேப்டன் மாலியின் கல்லறையில் இருந்தது யார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் மகளிர் பக்கத்தில் அமெரிக்கச் சுதந்திரப் போரில் பீரங்கி சுட்ட மார்கரெட் கார்பின் பற்றி ஒரு துணுக்கு வந்திருந்தது. நாலு வரிப் பெட்டிச் செய்தியில் எல்லாவற்றையும் எழுத முடியாது, சரி. ஆனால் "வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லறைத் தோட்டத்தில் துயில்கிறார்" என்று முடித்திருந்தீர்கள் (வெஸ்ட் பாயிண்ட் நியூயார்க் மாநிலத்து ராணுவத் தளம்). அவர் அங்கே இல்லை, இது 2017இலேயே தெரிந்துபோன விஷயம். போதாததற்கு, அதே போரில் பீரங்கி சுட்ட இன்னொரு பெண்ணின் பட்டப்பெயரான "மாலி பிட்சர்" இவர்தான் என்றும் போட்டுவிட்டீர்கள்.

நான் முப்பது வருஷம் சார்பதிவாளர் ஆபீசில் குப்பை கொட்டியவன். எவ்வளவு நல்ல கதை சொன்னாலும் "மூலப் பத்திரம் எங்கே?" என்று கேட்டுப் பழகிவிட்டது. ரிட்டயர் ஆன பிறகு அந்தக் காலத்துப் போர்வீரர்களின் பென்ஷன் காகிதங்களை இணையத்தில் புரட்டுவது பொழுதுபோக்காகிவிட்டதால்தான் இந்தக் கடிதம்.

மார்கரெட் போரில் நின்றதற்குப் பத்திரம் இருக்கிறது, அதில் சந்தேகமே வேண்டாம். கணவர் ஜான் கார்பின் பென்சில்வேனியா பீரங்கிப் படையில் இருந்தார், இவரும் கூடவே முகாமில். 1776 நவம்பர் 16 அன்று, இன்றைய மன்ஹாட்டனின் வடமுனையில் இருந்த வாஷிங்டன் கோட்டையை ஆங்கிலேயர்களும் அவர்கள் கூலிக்குக் கொண்டுவந்த ஜெர்மானியச் சிப்பாய்களான ஹெஸ்ஸியர்களும் தாக்கியபோது கணவர் அங்கேயே செத்து விழ, அவர் விட்ட இடத்தில் இவர் நின்று சுட்டார். குண்டுச் சிதறல் தோள், மார்பு, தாடை என்று கிழித்துவிட்டது, இடது கை அப்புறம் உதவவே இல்லை. 1779 ஜூனில் பென்சில்வேனியா நிர்வாக மன்றம் 30 டாலர் கொடுத்தது. அடுத்த வாரமே, ஜூலை 6 அன்று, காங்கிரஸ் (அந்த நாட்டுப் பிரதிநிதிகள் சபை) ஒரு தீர்மானம் போட்டது: ஆயுள் முழுக்க ஒரு சிப்பாயின் சம்பளத்தில் பாதி, கூடவே ஒரு முழு உடுப்பு அல்லது அதற்கான பணம். ஆண் சிப்பாய்க்குக் கொடுத்ததில் பாதிதானா என்று பொருமாதீர்கள், ஊனமுற்ற ஆண்களுக்கும் அன்றைக்குச் சட்டம் பாதிச் சம்பளம்தான். பிறகு வெஸ்ட் பாயிண்டில் ஊனமுற்ற வீரர்களின் படைப்பிரிவில் 1783 வரை அவர் பெயர் இருந்தது.

இதற்குமேல் காகிதம் ஏன் குறைச்சல் என்றால், 1800 நவம்பரில் போர்த்துறை அலுவலகம் தீப்பிடித்து அதுவரை சேர்ந்திருந்த கோப்புகள் சாம்பலாகிவிட்டன. காங்கிரஸின் நடவடிக்கைக் குறிப்புகள் அங்கே இல்லாததால் அந்த ஜூலைத் தீர்மானம் பிழைத்தது. 1818இலும் 1832இலும் வந்த பென்ஷன் சட்டங்களின்படி கிழவர்கள் கோர்ட்டில் போய், எந்தப் படை, யார் கேப்டன், எங்கெல்லாம் சண்டை என்று சத்தியம் செய்து சொல்ல வேண்டியிருந்தது. பாதிப் பேருக்கு டிஸ்சார்ஜ் சீட்டு தொலைந்துபோயிருந்தது, பக்கத்து வீட்டுக்காரரைச் சாட்சிக்குக் கூட்டிப்போனார்கள். அப்படிச் சேர்ந்த கோப்புகள் மட்டும் ஏறக்குறைய 80,000. படிக்கப் படிக்கத் திகட்டாது. மார்கரெட் 1800லேயே இறந்துவிட்டதால் அவர் வாயால் சொன்ன கதை ஒரு வரிகூட நமக்கு இல்லை. வெஸ்ட் பாயிண்டிலிருந்து போர்த்துறைச் செயலர் ஹென்றி நாக்ஸுக்குப் போன கடிதங்களில் "கேப்டன் மாலி" என்று அவருடைய பட்டப்பெயர் எட்டிப் பார்க்கிறது, அவ்வளவுதான்.

வில்லங்கம் புதைத்த இடத்தில்தான். அவர் கடைசிக் காலத்தில் வாழ்ந்தது வெஸ்ட் பாயிண்டுக்குத் தெற்கே, ஹைலண்ட் ஃபால்ஸில். அந்தக் காலத்துக் கல்வெட்டு ஏதும் கிடையாது. 1926இல் அமெரிக்கப் புரட்சியின் புதல்விகள் என்ற, சுதந்திரப் போராளிகளின் வம்சாவளிப் பெண்கள் அமைப்பினர், ஊர்ப் பெரியவர்கள் வழிவழியாகக் காட்டிய இடத்தைத் தோண்டினார்கள். ஒரு எலும்புக்கூடு கிடைத்தது. அதில் இருந்த சேதம் காயங்களோடு ஒத்துப்போகிறது என்று சொல்லப்பட்டது. வெஸ்ட் பாயிண்டுக்குக் கொண்டுபோய் மரியாதையோடு அடக்கம் செய்து, பீரங்கி பக்கத்தில் அவர் நிற்பது போன்ற வெண்கலச் சிற்பத்தோடு நினைவுக்கல்லும் நட்டார்கள். நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன், நல்ல எண்ணம்தான். ஆனால் தேடிப்போனவர்களே அடையாளமும் சொன்னால் இப்படித்தான் ஆகும். எங்கள் ஆபீசில் சொத்து வாங்குகிறவரே சாட்சிக் கையெழுத்தும் போட வந்தால் என்ன சொல்வோமோ, அதுதான்.

2016இல் அந்த நினைவுக்கல் பக்கத்தில் கட்டுமான வேலை நடந்தபோது குழி கலைந்தது. எப்படியும் திறந்தாகிவிட்டது, ஆராய்ந்து பார்த்துவிடலாம் என்று ராணுவம் நிபுணர்களிடம் கொடுத்தது. எலும்பு ஒரு நடுத்தர வயது ஆணுடையது! மார்கரெட் எங்கே என்று அக்கம்பக்கத்தில் தேடியும் கிடைக்கவில்லை. 2018 மே மாதம் நினைவுக்கல்லை மட்டும் மறுபடி அர்ப்பணித்தார்கள்.

அப்புறம் அந்த மாலி பிட்சர் குழப்பம். அந்தப் பெயரில் பரவலாகச் சொல்லப்படுபவர் மேரி ஹேஸ், 1778 ஜூன் 28 அன்று நியூஜெர்சியின் மான்மவுத்தில் நடந்த சண்டைக்காரர். இரண்டு பேரும் பென்சில்வேனியாக்காரரின் மனைவி, இரண்டு பேரும் பீரங்கி, இரண்டு பேருக்கும் மாலி என்ற செல்லப்பெயர், குழம்பாமல் என்ன செய்யும். மேரிக்குப் பென்சில்வேனியா சட்டசபை 1822இல்தான் வருஷத்துக்கு 40 டாலர் ஒதுக்கியது. 1832இல் இறந்தார், கல்லறை பென்சில்வேனியாவின் கார்லைல் ஊரில் இருக்கிறது. ஒருவரைத் தேடுகிறவர் இன்னொருவர் கல்லறையில் போய் நிற்பது இப்படிப் பெயரை ஒன்றாக்குவதால்தான்.

எனக்கு உறுத்துவது அந்த ஆண்தான். யாரோ ஒரு மனிதர், சொந்தமாக ஒரு கல்லும் இல்லாமல் ஹைலண்ட் ஃபால்ஸில் புதைக்கப்பட்டு, தொண்ணூறு வருஷம் இன்னொருவர் பெயரில் மாலையும் மரியாதையும் வாங்கிக்கொண்டு கிடந்திருக்கிறார். அவர் பெயரைத் தேட யாரும் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டுப் போகவில்லை.

வரும் ஞாயிறு அதே பக்கத்தில் இரண்டு வரி திருத்தம் போட்டால் போதும்: மார்கரெட் வேறு, மாலி பிட்சர் வேறு, வெஸ்ட் பாயிண்டில் இருப்பது நினைவுக்கல் மட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பதிவுத்துறை ஊழியர் ஒருவர்,
மதுரை