‘செக்‌ஷன் மாத்திக் கொடுங்க’ என்று கேட்பதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூனில் பள்ளி திறந்து வகுப்புப் பட்டியலை ஒட்டிய அன்றே தலைமையாசிரியர் அறை வாசலில் வரிசை தொடங்கிவிடுகிறது. “பையனுக்கு பி செக்‌ஷன் விழுந்திருக்கு, ஏ-க்கு மாத்திக் கொடுங்க.” பி-யில் என்ன குறை என்று கேட்டால் வகுப்பாசிரியரின் பெயரைச் சொல்வார்கள். கடலூரில் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து முதுநகர் வரை இதே கதைதான். அரசுப் பள்ளி, மெட்ரிக் பள்ளி என்ற பேதமில்லை. சிலர் கையில் கவுன்சிலரின் லெட்டர்பேடும் இருக்கும்.

ஓர் ஆசிரியரே வேண்டாம் என்பது வேறு, அவர் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்லிப் புகார் செய்வது வேறு. முதலாவதற்குப் பள்ளி இசையக் கூடாது. இரண்டாவதைத் தட்டிக் கழிக்கக் கூடாது. நடப்பதென்னவோ தலைகீழ். சிபாரிசோடு வந்தவருக்கு மறுநாளே செக்‌ஷன் மாறுகிறது. நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நியாயம் கேட்பவரிடம் “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்கம்மா” என்கிறார்கள்.

பாடமே தொடங்காத ஜூன் மாதத்தில் சொல்லப்படும் காரணங்களில் பெரும்பாலானவை கேள்விப்பட்டவை. புது டீச்சர், அக்கா படித்தபோது ரொம்ப ஸ்ட்ரிக்ட், இப்படி. பிரசவ விடுப்பில் போகப் போகிறார் என்பது மட்டும் நியாயமான கவலை. அரசுப் பள்ளி ஆசிரியைக்கு அந்த விடுப்பு 12 மாதம். எந்தத் தேதியிலிருந்து வகுப்பு யார் பொறுப்பில் போகிறது என்று கேளுங்கள். பதிலுக்கு ஆள் போடுவதுதான் அதற்கு வழி. வெளியே சொல்லாத காரணம் ஒன்றும் உண்டு, ஆசிரியரின் சாதி. “நம்ம பிள்ளைக்கு செட் ஆகாது” என்பார்கள். எதனால் என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதித் தரச் சொன்னால் பேச்சு அத்தோடு நின்றுவிடும். அந்தக் கோரிக்கைக்கு விசாரணையும் வேண்டாம், சமரசமும் வேண்டாம். முடியாது என்று சொல்லி அனுப்ப வேண்டியதுதான்.

கேட்டவர்களுக்கெல்லாம் மாற்றிக் கொடுத்தால் என்ன ஆகும்? கல்வி உரிமைச் சட்டம் தொடக்கப் பள்ளியில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. முப்பது முப்பதாக இருக்கும் இரண்டு செக்‌ஷனில் எட்டுப் பேரை நகர்த்தினால் ஒரு பக்கம் 38, மறுபக்கம் 22. பெஞ்சில் நெருக்கடி, நோட்டுத் திருத்துவது தள்ளிப் போகும். அதைவிட மோசமானது, போகிற எட்டும் அநேகமாக வீட்டில் பாடம் பார்க்க ஆள் உள்ள பிள்ளைகள். சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்டுக்குப் போகிறவர், விடியலில் துறைமுகத்துக்கு மீன் எடுக்கப் போகிற அம்மா, இவர்கள் வீட்டுப் பிள்ளைகள்தான் பி-யிலேயே இருப்பார்கள். அந்த ஆசிரியரிடம் உண்மையிலேயே குறை இருந்தால் அது அவர்கள் தலையில்தான் விடியும்.

ஆகவே பாடம் நடத்துவதில் குறை என்று நினைக்கும் பெற்றோர் மூன்று வாரம் பொறுத்து நோட்டுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கணக்கு நோட்டில் தேதியிட்ட பக்கங்கள் எத்தனை, சிவப்பு மை எந்தப் பக்கத்தோடு நிற்கிறது, தவறான விடைக்கும் டிக் விழுந்திருக்கிறதா, கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கில் பிள்ளை ஒரே தப்பை ஐந்து பக்கம் செய்தும் யாரும் வட்டமிடவில்லையா என்று பாருங்கள். பிறகு அதே செக்‌ஷனில் படிக்கும் இன்னொரு பிள்ளையின் நோட்டையும் வாங்கிப் பாருங்கள். அதில் திருத்தம் ஒழுங்காக இருந்தால், உங்கள் பிள்ளை நோட்டையே திருத்த வைக்கவில்லை என்று பொருள். பிள்ளையிடம் “மிஸ் திட்டினாங்களா?” என்று கேட்காதீர்கள், ஆமாம் என்றுதான் சொல்லும். “இன்னைக்கு கணக்கு பீரியட்ல என்ன நடந்துச்சு?” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள்.

அடுத்து வகுப்பாசிரியரை நேரில் பாருங்கள். காலை மணியடிக்கும் நேரத்தில் கேட்டருகே நிறுத்திப் பேசாமல், நேரம் கேட்டுக்கொண்டு மாலையில் போங்கள். பெற்றோரைச் சந்தித்துப் பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் பற்றிச் சொல்வது கல்வி உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவின்படி ஆசிரியரின் கடமை. யாரும் உங்களுக்குச் சலுகை காட்டவில்லை. அதிலும் சரியாகவில்லை என்றால் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். ஒரு பக்கம் போதும்: எந்தத் தேதி, எந்தப் பாடவேளை, என்ன நடந்தது, என்ன கேட்கிறீர்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போடாதீர்கள். ஒரு வாய்ஸ் மெசேஜ் பத்துப் பேர் கை மாறுவதற்குள் நோட்டு விஷயம் மறைந்து ஆசிரியரின் குணம், குடும்பம் எல்லாம் பேச்சுக்கு வந்துவிடும்.

தலைமையாசிரியர்கள் சறுக்கும் இடம் இதற்குப் பிறகுதான். புகாரைப் படித்த கையோடு ஆசிரியரைக் கூப்பிட்டுப் பிள்ளையின் பெயரைச் சொல்லிவிடுவார்கள். மறுநாள் வகுப்பில் “வீட்ல போய் சொல்றியா நீ?” என்று கேள்வி விழும். அந்தப் பிள்ளை அப்புறம் வாயே திறக்காது. பிள்ளையிடம் இதுபற்றிப் பேசக் கூடாது என்று ஆசிரியருக்கு முதலிலேயே எழுத்தில் சொல்லிவிட வேண்டும். அவர் தரப்பைக் கேட்டு, பாடக் குறிப்பேட்டைப் பார்த்து, வகுப்பில் இரண்டு பாடவேளையாவது உட்கார வேண்டும். அதில் ஒன்று முன்கூட்டிச் சொல்லாமல். பதினைந்து நாளில் பெற்றோருக்கு எழுத்தில் பதில் தரலாம். அதற்கு மேல் இழுக்க இதில் ஒன்றுமில்லை.

பதில் வராவிட்டால் தொடக்க, நடுநிலைப் பள்ளிக்கு வட்டாரக் கல்வி அலுவலர். உயர்நிலை, மேல்நிலைக்கு மாவட்டக் கல்வி அலுவலர். தனியார் பள்ளிக்கென்று தனி மாவட்டக் கல்வி அலுவலர் இருக்கிறார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் புதுச்சேரியில் என்றால் பள்ளிக் கல்வி இயக்குநரகம். எடுத்த எடுப்பில் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்தால், அது சுற்றிச் சுற்றி அதே தலைமையாசிரியரின் மேசைக்குத்தான் வரும். எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு அதே சட்டத்தின் 32-ஆம் பிரிவின்படி எழுத்துப் புகாருக்கு மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதன் மேல் குழந்தை உரிமை ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

அடி, ஆபாசப் பேச்சு, தவறான தொடுதல் என்றால் மேலே சொன்ன பொறுமை எதுவும் பொருந்தாது. உடல் தண்டனையும் மன உளைச்சல் தருவதும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் தடை செய்யப்பட்டவை. பாலியல் குற்றம் என்று தெரிந்தும் காவல்துறையிடம் சொல்லாமல் மறைத்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும்) சட்டப்படி தலைமையாசிரியரே தண்டனைக்குள்ளாவார். அன்றே குழந்தைகள் உதவி எண் 1098-க்கோ பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417-க்கோ பேசுங்கள். அங்கே பிள்ளையை வேறு செக்‌ஷனுக்கு மாற்றுவது கண்துடைப்பு. வகுப்பை விட்டு வெளியேற வேண்டியவர் ஆசிரியர்.

செக்‌ஷனே இல்லாத ஈராசிரியர் பள்ளிகளில் பெற்றோர் டி.சி. (மாற்றுச் சான்றிதழ்)தான் கேட்பார்கள். கேட்டால் உடனே கொடுக்க வேண்டும்; மாணவர் விவரம் பதியும் எமிஸ் தளத்தில், வேறு பள்ளி சேர்த்துக்கொள்ளும்படி பிள்ளையின் பெயரைக் காமன் பூல் என்ற பொதுப் பட்டியலுக்கு விடுவிக்காமல் இழுத்தடிக்கக் கூடாது. ஆனால் ஆகஸ்டு 1 கணக்குப்படிதான் ஆசிரியர் பணியிடம் நிர்ணயமாகிறது. 61 பிள்ளைகள் இருந்தால் மூன்றாவது ஆசிரியர் உண்டு. இரண்டு பிள்ளைகள் போய்விட்டால் அந்த மூன்றாவது பணியிடம் உபரியாகிவிடும். இதைத் தெரிந்துகொண்டு ஜூலையிலேயே பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுகிற தலைமையாசிரியர்கள் குறைவு.

வகுப்புப் பட்டியலை ஒட்டும்போதே பக்கத்தில் அரைத்தாள் ஒன்றையும் ஒட்டலாம்: வகுப்பாசிரியரைப் பார்க்கும் நாள், நேரம், புகாரை யாரிடம் கொடுப்பது, எத்தனை நாளில் பதில். சிபாரிசுக் கடிதம் ஏற்கப்படாது என்று கடைசியில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்கள் சிலர்,
மஞ்சக்குப்பம், கடலூர் – 1.