ஹீட் மேட்டை ஏன் தனியாக விற்பதில்லை: கெக்கோ வளர்க்கும் வீடுகளுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஒன்ராறியோவில் குளிர் தொடங்கிவிட்டது. லெப்பர்ட் கெக்கோ என்ற பல்லியை வளர்க்கும் பிள்ளைகளும் பெற்றோரும் ஹீட் மேட், அதாவது கண்ணாடித் தொட்டியின் அடியில் ஒட்டும் மின்சூட்டு விரிப்பு, கேட்டு வருகிறீர்கள். இனி அதைத் தனியாக விற்க மாட்டோம். சூட்டை அளந்து மேட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும் சேர்த்துத்தான் தருவோம். வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் சொன்னால் போதும். மேட்டைவிட அதன் விலை கூட என்று சிலர் மனவருத்தப்பட்டீர்கள். அதனால்தான் காரணத்தை விவரமாக எழுதுகிறோம்.

ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியாவின் வடமேற்கு என்று வறண்ட, கல் நிறைந்த நிலத்தில் வாழும் பல்லி இது. உடம்புக்கு வேண்டிய சூட்டை வெளியிலிருந்துதான் எடுக்கும். சூடு குறைந்தால் தின்ற பூச்சிகூடச் செரிக்காது. ஆகவே தொட்டியில் ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும், இரண்டு பக்கமும் ஒளிந்துகொள்ள இடம் வேண்டும். சூடான பக்கத்து மறைவிடத்தின் தரை 31 முதல் 33 பாகை செல்சியஸ், மற்றப் பக்கம் 22 முதல் 25. ஆரோக்கியமான கெக்கோ இருக்கும் தொட்டியில் இரவில் 20 வரை இறங்கினால் பாதகமில்லை.

இந்தக் கணக்கெல்லாம் மேட்டுக்குத் தெரியாது. மின்சாரம் இருக்கும்வரை அது சூடாகிக்கொண்டே இருக்கும். கண்ணாடியின் சூடு 40 பாகையைத் தாண்டினாலும் கெக்கோ உடனே எழுந்து விலகுவதில்லை. வயிற்றை அழுத்திப் படுத்தே கிடக்கும். முதலில் வயிற்றுத் தோல் இளஞ்சிவப்பாகும். பிறகு கொப்புளம் வரும், அல்லது பழுப்பு நிறத்தில் காய்ந்து உரியும். இப்படி ஏதாவது கண்டால் மேட்டை நிறுத்திவிட்டு, ஊர்வன பார்க்கும் மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். வீட்டிலுள்ள களிம்பு எதையும் பூச வேண்டாம்.

தெர்மோஸ்டாட் வாங்கினாலும் வேலை முடிந்துவிடாது. அதன் உணரி, அதாவது வயர் நுனியில் இருக்கும் சின்னக் குமிழ், கெக்கோ படுக்கும் தரையிலேயே இருக்க வேண்டும். கெக்கோ அதைத் தட்டிக் குளிர்ந்த பக்கத்துக்குத் தள்ளிவிட்டால், தொட்டி குளிராக இருக்கிறது என்று நினைத்துத் தெர்மோஸ்டாட் மேட்டை ஓயாமல் சூடாக்கும். டேப் ஒட்ட வேண்டாம். அதில் தோல் ஒட்டிக் கிழிந்த கெக்கோக்கள் உண்டு. மீன்தொட்டிக்குப் போடும் சிலிக்கோன் ஒரு சொட்டு வைத்து, புளித்த வாசனை முழுதாகப் போனபிறகு கெக்கோவை விடுங்கள்.

மேட்டைத் தொட்டிக்கு வெளியே, அடியில், தரையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் ஒட்டுங்கள். பெட்டியில் வரும் ரப்பர்க் கால்களைக் கட்டாயம் பொருத்துங்கள். காற்று போக இடமில்லாவிட்டால் கண்ணாடி வெடிக்கலாம், மேசை கருகலாம். சி.எஸ்.ஏ. போன்ற, கனடாவில் ஏற்கப்படும் மின்பாதுகாப்பு முத்திரை இல்லாத மேட் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். பேஸ்மென்டில் வைப்பவர்கள் தொட்டியைச் சீமெந்துத் தரையில் வைக்காமல் மேசையில் வையுங்கள். அங்கே காற்றே குளிர்ந்துவிடும் என்றால் மேலிருந்து செராமிக் ஹீட்டர் (வெளிச்சமில்லாமல் சூடு மட்டும் தரும் பல்ப்) போடலாம். அதற்குப் பீங்கான் ஹோல்டரும் கம்பிக் கூடும் தெர்மோஸ்டாட்டும் அவசியம். சூடாகும் செயற்கைக் கல்லை நாங்கள் விற்பதே இல்லை.

அடுத்தது தரை. இதையும் சூட்டையும் பிரித்துப் பார்க்க முடியாது. மேட்டுக்கு மேலே மணலைத் தடிப்பாகக் கொட்டினால் சூடு மேலே வராது. கெக்கோ தோண்டிக்கொண்டு கொதிக்கும் கண்ணாடிக்கே போய்விடும். கல்சியம் மணலை நல்லதென்று நினைத்து வாங்குகிறார்கள். ஈரம் பட்டால் அது கட்டியாகும், கெக்கோ நக்கித் தின்றால் குடலை அடைக்கும். சூடும் தண்ணீரும் கல்சியமும் குறைந்த கெக்கோவுக்குத்தான் இந்த ஆபத்து கூட.

குட்டிக்கும், நோயாளிக்கும், புதிதாக வந்ததற்கும் வெறும் பேப்பர் டவல் போதும். மலம் எப்படிப் போகிறது என்பதும் அதில் உடனே தெரியும். வளர்ந்ததற்கு எங்கள் தெரிவு, வழுக்காத சொரசொரப்பான தரை ஓடு. சூட்டை நன்றாகக் கடத்தும், நகம் தேயும், துடைப்பதும் சுலபம். உணரியை ஓட்டுக்கு மேலே வையுங்கள். கார்ப்பெட் வேண்டாம், நூலில் நகம் மாட்டும். பைன், சீடர் மரச்சீவல் சுவாசத்துக்குக் கேடு. மண்தான் வேண்டும் என்பவர்கள் உரம் கலக்காத மேல்மண்ணோடு கொஞ்சம் மணல் சேர்த்து இறுக்கமாக அமுக்கலாம். ஆனால் அப்போது மேட்டுக்குப் பதிலாக மேலிருந்து சூடு கொடுக்க வேண்டும்.

2013 டிசம்பர் பனிமழையில் ரொறன்ரோவில் பல வீடுகளுக்கு நாட்கணக்கில் கரண்ட் இருக்கவில்லை. அப்படி நடந்தால் கெக்கோவைத் துணி விரித்த, காற்றுத் துளையுள்ள சின்னப் பெட்டியில் விட்டு, அதைக் கூலருக்குள் வையுங்கள். பக்கத்தில் துவாயால் சுற்றிய சுடுநீர்ப் போத்தலை வைத்து, காற்றுப் போக மூடியைக் கொஞ்சம் திறந்து விடுங்கள். சூடு திரும்பும்வரை சாப்பாடு கொடுக்க வேண்டாம்.

தரையின் சூட்டை அளக்கும் இன்ஃப்ராரெட் தெர்மோமீட்டர் எங்களிடம் இரவலுக்கு இருக்கிறது. வாங்கத் தேவையில்லை. கொண்டுபோய் ஒரு இரவு, ஒரு பகல் அளந்து பார்த்துவிட்டுத் திருப்பித் தாருங்கள். அளவு ஏறுக்குமாறாக இருந்தால் தொட்டியின் படத்தோடு வாருங்கள், சேர்ந்து சரிசெய்வோம்.

அன்புடன்,
உங்கள் செல்லப்பிராணிக் கடையினர்
ஸ்காபரோ