முதலில் கூரையை அள, தம்பி

அன்புள்ள தம்பி,

பப்புவா நியூ கினியில், மில்ன் பே பக்கத்துத் தீவுப் பள்ளி ஒன்றுக்குத் தொண்டு வேலைக்குப் போகிறாய் என்று அறிந்து மகிழ்ந்தோம். கணினி கொண்டுபோகட்டுமா, புத்தகம் சேர்க்கட்டுமா என்று கேட்டிருந்தாய். இரண்டுக்கும் முன்னால் தண்ணீரைப் பார். 1997-லும் 2015-லும் எல் நினோ வறட்சி (பசிபிக் கடல் சூடேறுவதால் மழை பொய்ப்பது) வந்தபோது அந்த நாட்டில் பல பள்ளிகள் தண்ணீர் இல்லாமலே மூடிக் கிடந்தன. பவளத் தீவில் கிணறு வெட்டினாலும் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய அடுக்காகத்தான் நிற்கும். கூட இறைத்தால் உப்பேறிவிடும். மழையை நம்பித்தான் ஆகவேண்டும்.

ஒரு சதுர மீட்டர் கூரையில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். 10 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலக் கூரை என்றால் 10 மி.மீ. மழைக்கு 600 லிட்டர். சிதறியதும் வழிந்ததும் போக 480 கைக்கு வரும். 80 பிள்ளைகள், ஆளுக்கு 2 லிட்டர், 30 நாள் மழையில்லை என்று வை: 4,800 லிட்டர். ஆக 5,000 லிட்டர் தொட்டி வேண்டும். நிறைந்தால் 5 டன் கனம்! மண்ணைத் திமிசு போட்டு இறுக்காமல் மேடை கட்டினால் ஒரு பக்கம் இறங்கி, குழாய் இணைப்பு விண்டுபோகும். நம்மூர்க் கொத்தனார்களுக்குத் தெரிந்த இன்னொன்று: கடற்கரை மணலில் கான்கிரீட் போட்டால் உப்பு உள்ளே கம்பியை அரித்துவிடும். ஆற்றுமணல் படகில் வரச் செலவானாலும் அதையே வாங்கு.

கூரை விளிம்பில் மாட்டும் அரைவட்டக் குழாய்க்கு மீட்டருக்கு 1 செ.மீ. சரிவு கொடு, ரசமட்டம் வைத்துப் பார். நடுவில் தொங்கினால் அங்கே தேங்கும் தண்ணீரே கொசுப் பண்ணை. மழையின் முதல் அரை மி.மீ. பறவை எச்சத்தையும் தூசியையும் கழுவிக்கொண்டு வரும். இந்தக் கூரைக்கு அது 30 லிட்டர். தொட்டிக்கு முன்னால், அடி மூடிய ஆறு அங்குலக் குழாயில் ஒன்றே முக்கால் மீட்டர் நிமிர்த்தி வைத்தால் அந்த அழுக்கு அதிலேயே நிற்கும். அடிமூடியில் சிறு துளை போடு, மெதுவாகச் சொட்டி வடியட்டும். துளை சேற்றில் அடைபடுவதுதான் வழக்கமான கோளாறு. அடைந்தால் குழாய் காலியாகாது, அடுத்த மழையின் அழுக்கு நேரே தொட்டிக்குப் போகும். வாரம் ஒருமுறை மூடியைத் திருகித் திறக்க ஒருவர் வேண்டும். தொட்டியின் நீர் எடுக்கும் குழாய் அடித்தளத்திலிருந்து 10 செ.மீ. உயரத்தில் இருந்தால் வண்டல் வராது. உபரி நீர் வழியும் வாய்க்கும் கொசுவலை கட்டு. பலர் மறப்பது அதைத்தான்.

வாரந்தோறும் மூடி திறக்கும் அந்த ஒருவர் நீ இல்லை, அந்த ஊர்க்காரர். நம்ம கன்னியாகுமரிப் பக்கத்து மயிலாடிக்கு 1806-ல் வந்த மிஷனரி ரிங்கல்தௌபே 1816-ல் போய்விட்டார். அடுத்த மிஷனரி மீட் வரும்வரை அந்தச் சபை வேலையைத் தாங்கியவர் மயிலாடிக்காரரான வேதமாணிக்கம். உன் வேதமாணிக்கம் யார் என்று முதல் மாதமே தேடு. அவர் கையால் வாஷர் மாற்றவை, நீ பக்கத்தில் நில். அங்கே கடையில் கிடைக்காத அளவில் எந்தக் குழாயையும் பொருத்தாதே.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். சேம்பு, காச்சில், சீனிக்கிழங்கு, மரச்சீனி, தேங்காய் எல்லாம் நம்மூர்ச் சாமான்தான். மலேரியாவைத்தான் லேசாக எடுக்கக் கூடாது. மருத்துவர் டாக்ஸிசைக்ளின் எழுதினால் போவதற்கு ஒரு நாள் முன்பே தொடங்கி, திரும்பிய பிறகும் 4 வாரம் விடாமல் சாப்பிடு. வைவாக்ஸ் என்ற வகை மலேரியாக் கிருமி ஈரலில் பதுங்கி மாதக்கணக்கில் கழித்தும் எழும். நாகர்கோவில் வந்தபின் காய்ச்சல் அடித்தால், எங்கிருந்து வந்தாய் என்பதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லிவிடு.

போன முதல் வாரமே கூரையின் நீள அகலம், தகரம் துருப்பிடித்திருக்கிறதா, பிள்ளைகள் எத்தனை என்று எழுது. தொட்டி அளவை இங்கே கணக்குப் போட்டு அனுப்புகிறோம்.

அன்புடன்,
உன் அண்ணன்மார்